படிக்கிறவர்களுக்கு மட்டும்

எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதல் தடவை அதைச் சத்தமில்லாமல்தான் படிப்பாள். வளையல்களைக் கழற்றித் துணியில் சுருட்டி மேசைக்குக் கீழே வைப்பாள். தாளை மடியில் போட்டு உள்ளங்கையால் நீவி அதன் மொடமொடப்பை எடுப்பாள். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைப்பாள். ஒவ்வொரு சொல்லையும் கல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல வாய்க்குள் உருட்டுவாள். கடினமான இடத்தில் புருவம் ஏறும். பொய்யான இடத்தில் இடது பக்க உதடு கொஞ்சம் கோணும். அவ்வளவுதான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ம், நான் ரெடி" என்பாள். அதற்கப்புறம் அந்தக் குரலில் வரும் பொய்க்கும் உண்மைக்கும் அவளைப் பெற்றவளாலேயே வித்தியாசம் சொல்ல முடியாது.

ஊரில் அவளுக்கு மைக்கக்கா என்று பெயர். முன்பு பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே இயந்திரக் குரல் வந்து உட்கார்ந்துகொண்டதும் வெளியே வந்துவிட்டாள். அன்றிலிருந்து வண்டியில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு தெருவில் போகிற எந்த அறிவிப்பும் அவள் குரல்தான். துணிக்கடைத் தள்ளுபடி, தண்ணீர் வராத நாள், காணாமல் போன நாய், யாரோ ஒருவரின் இறுதி ஊர்வலம் எல்லாம் அதில் அடக்கம். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சியும் அவள் வாசலில்தான் நிற்கும். முச்சந்தியில் இரண்டு கட்சி வண்டிகள் எதிரெதிரே வந்துவிட்டால் மைக்கக்கா மைக்கக்காவையே கிழிகிழி என்று கிழிப்பதை ஊர் நின்று கேட்கும்.

"என்னக்கா, நேத்து உங்களை நீங்களே ஊழல் பெருச்சாளின்னு சொல்லிட்டீங்க?" என்று சீண்டுவார்கள்.

"குரலுக்கு ஓட்டு கிடையாது தம்பி. ஓட்டு எனக்கு. அது வேற ஆள், நான் வேற ஆள்" என்பாள்.

பதிவு நடப்பது ஒரு சைக்கிள் கடையின் பின்னறையில். சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை ஆணியடித்து நிறுத்தியிருப்பார் அந்த அறையின் உரிமையாளர். அதனால் அவர் பெயர் பஞ்சு. இருபது வருடமாகக் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்றதில் அவருக்கு ஒரு காது போய்விட்டது, இன்னொன்று பாதி போய்விட்டது. ஆனால் தொழிலை விடவில்லை. பதிவானதைக் காதால் கேட்டு வெட்டமாட்டார். திரையில் மலைமலையாக ஓடும் ஒலி அலையைக் கண்ணால் பார்த்தே வெட்டுவார். "உயரமா இருந்தா பேச்சு, தட்டையா இருந்தா மூச்சு. இதுக்கு எதுக்கு காது?" என்பார். மைக்கக்கா உட்கார்ந்த உடனேயே பதிவைப் போட்டுவிடுவது அவர் வழக்கம். மிச்சமிருப்பதை எல்லாம் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

மைக்கக்காவுக்கு ஒரே தம்பி. கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தபோது, "அக்கா, எனக்குக் கல்யாணம் வேணாம்" என்றான்.

"ஏன்டா?"

"பண்ணிக்கிட்ட மாதிரிதான்."

ரொட்டி அடுப்பில் வேலை செய்யும் ஒருவனோடு மாடி வீட்டில் அவன் குடியிருப்பது அவளுக்குத் தெரியும். வாடகையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். அன்று எழுந்து போனவள் பல வாரம் அவனோடு பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் தானாகவே படியேறிப் போனாள். ஒரே டம்ளரில் இரண்டு பல்துலக்கிகள் நின்றன. ரொட்டிக்காரன் கையில் மாவோடு எழுந்து சுவரோரமாகப் போய் நின்றான், வகுப்பில் தப்பு செய்த பையன் மாதிரி. அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டு ஆம்பளைங்க இருக்கீங்க, ஒரு ஒட்டடை அடிக்கத் துப்பில்ல" என்றாள். அதுதான் அவள் சம்மதம். அன்றிலிருந்து ரொட்டிக்காரனும் அவளுக்குத் தம்பி ஆனான். பெரியவனைவிடச் சின்னவன் வாய் துடுக்கானவன் என்பதும் போகப் போகத் தெரிந்தது.

போன மழைக்காலத்தில் ரொட்டிக்காரனுக்கு வயிற்று வலி வந்தது. சாதாரண வலி இல்லை, குடல்வால் வெடித்துவிட்டது. உடனே வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். கையெழுத்துப் போட ஆள் கேட்டார்கள். தம்பி முன்னால் போனான்.

"நீங்க அவருக்கு என்ன உறவு?"

"கூட இருக்கறவன்."

"கூட இருக்கறவங்கன்னா? அண்ணனா, தம்பியா?"

"ஒண்ணா இருக்கோம் சார். பல வருஷமா."

"அப்படி ஒரு உறவு இதுல இல்லையேங்க. ரத்த சம்பந்தம் யாராவது வரச் சொல்லுங்க."

ரத்த சம்பந்தம் இன்னொரு ஊரில் இருந்தது. ரொட்டிக்காரனோடு பேச்சை முறித்துக்கொண்ட அண்ணன் அவர். மழையில் பேருந்து மாறி மாறி அவர் வந்து சேரும்வரை, அந்த நடைவழியில் தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே கத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் கத்துவதும் நின்றுவிட்டது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அண்ணன் வந்தார், நனைந்த கையால் ஒரு கிறுக்குக் கிறுக்கினார், யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார். ரொட்டிக்காரன் பிழைத்தான். ஆனால் விஷம் உள்ளே பரவியதில் அவன் எழுந்து உட்காரவே மாதங்கள் ஆயின. மாவு மூட்டையைத் தூக்கும் தெம்பு இன்னும் முழுசாக வரவில்லை.

மைக்கக்காவுக்கு அன்று வந்த கோபம் பிறகு இறங்கவே இல்லை. ஊரில் நாய் காணாமல் போனால்கூட அறிவிப்புச் செய்ய ஒரு வார்த்தை இருக்கிறது, தன் தம்பி யார் என்று சொல்ல ஒரு வார்த்தை இல்லையா?

இந்த நிலைமையில்தான் தேர்தல் வந்தது.

முதலில் ஒரு கட்சியிலிருந்து தாள் வந்தது. வழக்கம்போல உதட்டை அசைத்தாள். நடுவில் ஒரு கேலிப் பாட்டு. எதிர்க்கட்சி ஜெயித்தால் மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளையையே பார்த்துக் கட்டிவைப்பார்கள், பெற்றவர்களே உஷார் என்று எதுகை மோனையோடு இருந்தது. அவள் உதடு நின்றது. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"பாட்டு மட்டும்தான்க்கா. ஜனங்க சிரிப்பாங்க."

"சிரிக்கறவங்க வாயால பாடிக்கட்டும். என் வாய் வேணாம்."

"குரலுக்கு ஓட்டு இல்லன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"ஓட்டு இல்ல. மானம் இருக்கு."

அந்த வேலை போனதில் அவளுக்கு வருத்தமில்லை. எதிரி எதிரியாகவே வந்து நிற்கிறான், அதில் ஒரு நேர்மை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பாட்டில் கேலி செய்யும் அளவுக்கு மற்ற கட்சி என்னதான் சொல்லியிருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். அவர்களுடைய வாக்குறுதிப் புத்தகம் கிடைத்தது. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், சாலைக்கும் சாக்கடைக்கும் கீழே ஒரு வரி இருந்தது. சேர்ந்து வாழும் இருவர், ஆணும் ஆணுமானாலும் பெண்ணும் பெண்ணுமானாலும், ஒருவருக்கொருவர் துணை என்று பதிவு செய்துகொள்ளச் சட்டம் செய்யப்படும்.

அதை அவள் உதட்டால் பல தடவை படித்தாள். இடது பக்க உதடு கோணவில்லை. இந்தத் தடவை ஓட்டு யாருக்கு என்று அன்றே முடிவாகிவிட்டது.

சில நாளில் அந்தக் கட்சியின் வட்டாரப் பொறுப்பாளர் பஞ்சுவின் அறைக்கு வந்தார். சட்டையின் மடிப்பு எந்த வெயிலிலும் கலையாது, அதனால் அவருக்கு மடிப்பு என்றே பெயர். வாக்குறுதிகளைத் தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். பஞ்சு பதிவைப் போட்டுவிட்டு, மின்சாரக்காரரோடு பேச வெளியே போனார். அவள் சாலையைப் படித்தாள், பள்ளிக்கூடத்தைப் படித்தாள், குடிநீரைப் படித்தாள். தாள் முடிந்தது. பிறகு தாளில் இல்லாத அந்தக் கடைசி வரியைப் புத்தகத்திலிருந்து மனப்பாடமாகச் சொன்னாள்.

மடிப்பு கையை ஆட்டினார். "அது வேணாம்க்கா."

"உங்க புத்தகத்துல இருக்கே."

"இருக்கு. அது படிக்கறவங்களுக்கு. கேக்கறவங்களுக்கு இல்ல."

"அப்படின்னா?"

"புத்தகத்தை எத்தனை பேர் படிக்கப் போறான்? படிக்கறவன் பெரிய மனசோட படிப்பான், அவனுக்கு அது வேணும். தெருவுல கேக்கறவனுக்கு அது ஆகாது. ஓட்டு போயிடும்."

"சரி. ஜெயிச்சப்புறம் சட்டம் போடும்போது எப்படிப் போடுவீங்க? யாரும் கேக்காம காதுக்குள்ள சொல்லியா?"

"அது அப்போ பாத்துக்கலாம். நீங்க ஏன் இதுக்குப் போய் இவ்வளவு..."

அவர் முடிக்கவில்லை. அவளுடைய தொழில் குரல் எப்போதும் ஒரே மட்டத்தில் போகும், பிசிறடிக்காது. அன்று அது மட்டத்தை விட்டு எழுந்தது.

"எழுதின கைக்கு இருக்கற தைரியம் வாய்க்கு ஏன்யா இல்ல? ஆணும் ஆணும் சேந்து வாழ்ந்தா துணைன்னு பதிவு பண்ணிக்கலாம்னு நீங்கதானே எழுதினீங்க? முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கலாம், ஒரு மனுஷனை எதுல மறைப்பீங்க? என் தம்பி ஆஸ்பத்திரில சுவரைப் பிடிச்சிட்டு நின்னான். உள்ள அவன் துணை துடிச்சிட்டிருந்தான். ஒரு கையெழுத்துப் போட அவனுக்கு உரிமை இல்ல. அந்த உரிமையைத் தர்றேன்னு எழுதிட்டு, அதைச் சொல்ல வெக்கமா இருக்கா உங்களுக்கு? அவங்க கேலி பண்றாங்க, நீங்க ஒளிச்சு வைக்கறீங்க. என்ன பெரிய வித்தியாசம்? எங்க வீட்டு ஓட்டு வேணும், எங்க வீட்டு ஆள் வேணாமா?"

மடிப்பு வாசலைப் பார்த்தார். அவள் மூச்சு வாங்கினாள். துணிச் சுருளைப் பிரித்து வளையல்களைப் போட்டுக்கொண்டு, தணிந்த குரலில், "அந்த வரி இல்லாமலே எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

பஞ்சு திரும்பி வந்தார். மடிப்பு அவசரத்தில் இருந்தார். "கடைசில ஒரு வரி வேணாம். அதை வெட்டிட்டு மத்ததைப் பாட்டோட சேத்துடுங்க. காலையில வண்டி போகணும்."

பஞ்சு திரையைப் பார்த்தார். ஆரம்பத்தில் நிதானமான மேடுகள், நடுவில் கொஞ்சம் ஏற்ற இறக்கம், பிறகு வானத்தைத் தொடும் மலைத்தொடர். கடைசியில், தனியாக, குட்டியாக ஒரு மேடு. வேண்டாம் என்ற கடைசி வரி இதுதான் என்று அந்தக் குட்டி மேட்டை வெட்டி எறிந்தார். மலைத்தொடரைப் பார்த்து அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அக்கா இவ்வளவு உணர்ச்சியோடு எந்தக் கட்சிக்கும் பேசியதில்லை.

மறுநாள் காலை ஊர் அதைக் கேட்டது. சாலை போடுவோம், பள்ளிக்கூடம் கட்டுவோம், குடிநீர் தருவோம், சேர்ந்து வாழும் இருவர் துணை என்று பதிவு செய்யச் சட்டம் செய்வோம் என்று இனிமையாகப் போய்க்கொண்டிருந்த குரல் திடீரென்று, அது வேணாம்க்கா என்று ஒரு ஆண் குரல் குறுக்கிட, எழுதின கைக்கு இருக்கற தைரியம் வாய்க்கு ஏன்யா இல்ல என்று வெடித்தது. எங்க வீட்டு ஆள் வேணாமா என்று முடிந்தது. உடனே மேளதாளத்தோடு கட்சிப் பாட்டு. மறுபடி சாலை போடுவோம். ஒருவர் பாதி சவரத்தில் சலூனிலிருந்து இறங்கி வந்து கேட்டார். மடிப்பு வண்டியைத் துரத்திப் பிடித்தபோது அது கடைவீதியைத் தாண்டிவிட்டது.

தம்பி கடையை இழுத்து மூடிவிட்டு அவள் வீட்டுக்கு வந்தான். கண்ணாடித் தூள் அப்பிய கையைக்கூடக் கழுவவில்லை.

"என்னைக் கேட்டியாக்கா?"

"டேய், நான் வேணும்னு பண்ணல. அந்தப் பஞ்சு..."

"பஞ்சுவை விடு. அந்த ஆள்கிட்ட என் கதையைச் சொன்னது நீதானே? இனிமே கண்ணாடி வாங்க வர்றவன் கண்ணாடியைப் பாப்பானா, என்னைப் பாப்பானா? உனக்குக் கோவம் வந்தா கத்திட்டுப் போயிடுவ. அந்தத் தெருவுல நாளைக்கும் கடை திறக்கறது நான்."

பின்னாலேயே மெதுவாகப் படியேறி வந்த ரொட்டிக்காரன்தான் பேசினான்.

"எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான்க்கா. துடிச்சிட்டிருந்தான்னு சொன்னீங்க, பேர் சொல்லலையே. ஒரு விளம்பரம் கிடைச்சிருக்கும்."

"நீ சும்மா இரு" என்று அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

இரண்டு நாளில் வேட்பாளர் மேடை ஏறினார். அந்த வரி ஒரு அச்சுப்பிழை என்றார். குடும்பங்களின் கட்டுக்கோப்பைத் தன் கட்சி கண்ணைப் போலக் காக்கும் என்றார். கைதட்டினார்கள். மடிப்பு ஒரு புதுத் தாளோடு மைக்கக்காவின் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே நீட்டினார்.

"உங்க குரல்ல போனது, உங்க குரல்லயே மறுக்கணும்க்கா. அதுதான் எடுபடும்."

அவள் உதட்டை அசைத்து ஒரு தடவை படித்தாள். "அச்சுப்பிழையா?"

"ஆமா."

"அச்சுப்பிழைன்னா ஒரு எழுத்து மாறும், ஒரு கொம்பு விட்டுப்போகும். முழுசா ஒரு வரி, முற்றுப்புள்ளியோட, தானா நடந்து வந்து கடைசிப் பக்கத்துல உக்காருமா? அச்சுக்கோக்கறவனுக்கு உங்களைவிடக் கருணை ஜாஸ்தியோ?"

"வார்த்தையை வளக்காதீங்க. இனிமே இந்த ஊர்ல எந்தக் கட்சி உங்களைக் கூப்பிடும்னு நினைக்கறீங்க? அவங்களையும் பகைச்சுக்கிட்டீங்க."

"நாய் காணாமப் போறது நிக்காதில்ல? அது போதும் எனக்கு" என்று தாளை அவர் கையிலேயே திணித்தாள்.

வெளியூரிலிருந்து ஒரு குரலைப் பிடித்து மறுப்பைப் பதிவு செய்தார்கள். அது கடைவீதியில் போனபோது தம்பி ஒரு முதியவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தான். அச்சுப்பிழை, அச்சுப்பிழை என்று குழாய் கூவிக்கொண்டே போனது. முதியவர் அட்டையில் இருந்த எழுத்தை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். அன்று சாயங்காலம் அவன் அக்கா வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"நீ கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றான்.

"தெரியும்டா. தப்புதான்."

"இப்பவும் வேணாம்னுதான் சொல்வேன். ஆனா நீ பேசினப்போகூட எனக்கு வெறும் வெக்கமாத்தான் இருந்துது. இவங்க பேசினப்பதான் எரிஞ்சுது. நான் இருக்கேன்க்கா. கடை வச்சிருக்கேன். என்னை எப்படிப் பிழைன்னு சொல்லுவாங்க?"

அவள் எழுந்து போய் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஓட்டுப் போடும் நாளன்று வரிசையில் அவளைப் பார்த்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதையா பயமா என்று சொல்ல முடியாது. மறைப்புக்குள் போனவள் வெகு நேரம் வெளியே வரவில்லை, உள்ளே இருந்த அலுவலர் இருமிப் பார்த்தார். ஒரு பக்கம் கேலி செய்தவர்கள். இன்னொரு பக்கம் எழுதிவிட்டு எச்சில் தொட்டு அழித்தவர்கள். இரண்டும் வேண்டாம் என்ற பொத்தானை அழுத்திவிட்டு வந்துவிடலாம். கை அதற்குத்தான் போனது. ஆனால் கடைசியில் அவள் அந்த அச்சுப்பிழைக் கட்சிக்கே ஓட்டுப் போட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பைத்தியமாக்கா உங்களுக்கு?" என்றான் ரொட்டிக்காரன்.

"இல்லன்னு மறுத்தாலும் எழுதினது எழுதினதுதான். அச்சடிச்ச புத்தகம் என்கிட்ட இருக்கு. எழுதினவன்கிட்ட போய், எங்கடா அதுன்னு கேக்கலாம். எழுதவே எழுதாதவன்கிட்ட எதைக் கேக்கறது? நான் போட்டது அவன் மூஞ்சிக்கு இல்ல. அந்த வரிக்கு."

"நீ போட்டியாடா?" என்று தம்பியைக் கேட்டாள். "காலையிலயே" என்றான் அவன், கையில் சுற்றிய துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. யாருக்கு என்று கேட்டதற்கு, ஓட்டு ரகசியம் என்றான்.

அந்தக் கட்சி ஜெயித்தது. சாலை வந்தது. அந்தக் கடைசி வரி வரவில்லை. மைக்கக்கா புத்தகத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு மடிப்பின் அலுவலகத்துக்கு அவ்வப்போது போவாள். அவர் கூட்டத்தில் இருக்கிறார் என்பார்கள். "இருக்கட்டும், எனக்கும் வேற வேலை இல்ல, உங்க புண்ணியத்துல" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்தக் கடைசிப் பக்கத்தைத் தன் தொழில் குரலில் வாசித்துக் காட்டுவாள். கேட்கிறவர்கள் கேட்கட்டும் என்று.

ஒரு வருடம் கழித்து ஒரு நாள் தம்பியையும் கூப்பிட்டாள். "நான் ஒருத்தி போனா கிறுக்கின்னு நினைக்கறான். நீயும் வா. நீயும்தானே ஓட்டுப் போட்ட, கேக்கற உரிமை உனக்கும் இருக்கில்ல?"

தம்பி ரொட்டிக்காரனைப் பார்த்தான். ரொட்டிக்காரன் தரையைப் பார்த்தான்.

"சொல்லிடு" என்றான் தம்பி.

அந்த மாடி வீட்டின் வாடகைப் பத்திரம் ரொட்டிக்காரன் பெயரில் இருந்தது. தம்பி அங்கே குடிபோன புதிதில் வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றக் கேட்டபோது, பத்திரத்தில் இருப்பவருக்கு நீங்கள் என்ன உறவு என்று அங்கேயும் கேட்டார்கள். அவன் சொன்ன பதிலுக்கு மேசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவன் எழுந்து வந்துவிட்டான். பிறகு பழைய முகவரியிலும் இங்கே இவர் வசிக்கவில்லை என்று பெயரை அடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அவனுக்கு எங்கேயும் ஓட்டு இல்லை.